களத்தில் பட்ட காயம்

நுழையும்முன்

விளையாட்டைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறார். பயிற்சி பெறக் களமும் இருக்கிறது. ஆனால் அடிபட்ட காலை எவ்வாறு பேணுவது, எப்போது மீண்டும் களமிறங்குவது என்பவற்றைப் பெரும்பாலும் நம் போக்கில் நாமே முடிவுசெய்துகொள்கிறோம். கபடி ஆடிய ஒரு மாணவியின் முழங்காலை முன்வைத்து, விளையாட்டு மருத்துவம் இம்முடிவுகளை எவ்வாறு அணுகுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் ஒலி

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கபடி அணியின் முதன்மை ஆட்டக்காரியாக இருந்தாள். பாடிச் சென்றால் புள்ளியின்றித் திரும்பமாட்டாள். ஒரு மாலைப் பயிற்சியில், எதிரணியின் பிடியிலிருந்து நழுவி, நடுக்கோட்டை நோக்கித் துள்ளித் திரும்பியவள் இடக்காலைத் தரையில் ஊன்றினாள். அடுத்த கணம் முழங்காலைப் பற்றிக்கொண்டு சாய்ந்தாள். அந்நேரத்தில் அவளை எவரும் தொட்டிருக்கவில்லை. “உள்ளே ஏதோ டப்புன்னு விட்டுப்போன மாதிரி இருந்துச்சு டீச்சர்” என்று உடற்கல்வி ஆசிரியையிடம் கூறினாள்.

ஒரு மணி நேரத்திற்குள் முழங்கால் பருத்துவிட்டது. வீட்டில் வெந்நீர் ஊற்றினர். எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துச் சென்றனர். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தென்படவில்லை. ‘எலும்புக்கு ஒன்றுமில்லை’ என்ற செய்தி வீடு போய்ச் சேர்வதற்குள் ‘ஒன்றுமில்லை’ என்று சுருங்கிவிட்டது. மூன்று வாரங்களில் வீக்கம் வடிந்தது, வலி நின்றது, நடையும் சீரானது.

மாவட்டப் போட்டி நெருங்கியது. படிகளில் இறங்கும்போது முழங்கால் சற்று விலகி நழுவுவது போலிருப்பதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அணியில் இடம் போய்விடும். இடம் போனால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குரிய சான்றிதழும் கிடைக்காது. பதினாறு வயதுப் பெண் போட்ட அந்தக் கணக்கில் பிழை காண இயலாது. வலி இல்லையென்றால் காயம் இல்லை என்று பெரியவர்களாகிய நாங்கள் போட்ட கணக்குத்தான் பிழையானது. போட்டியின் முதற்பாதியிலேயே அதே கால் மடிந்து விழுந்தாள்.

விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றது அதன் பிறகுதான். அவர் உடனே காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. “முதல் தடவை விழுந்தப்போ சத்தம் ஏதாவது கேட்டுச்சாம்மா?” என்றுதான் கேட்டார்.

சுளுக்கு என்னும் ஒரு சொல்

கணுக்கால் பிசகினாலும் கழுத்துத் திரும்பாவிட்டாலும் தொடைத்தசை இழுத்துக்கொண்டாலும் நாம் ‘சுளுக்கு’ என்றே சொல்கிறோம். பேச்சு வழக்கிற்கு அச்சொல் போதும், மருத்துவத்திற்குப் போதாது. எலும்பையும் எலும்பையும் பிணைப்பது இணைப்புநார். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். இவையிரண்டும் வேறு வேறானவை. கணுக்கால் உட்புறமாக மடியும்போது வெளிப்புற இணைப்புநார் அளவுக்கு மீறி இழுபட்டுக் காயமடைகிறது. விரைந்து ஓடுபவர் திடீரெனத் தொடையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நின்றால், கிழிந்தது தசையாக இருக்கக்கூடும். இரண்டும் ஆறுகின்ற முறையும் ஆறுவதற்குரிய காலமும் ஒன்றல்ல.

முழங்கால் மூட்டின் நடுவே இரண்டு இணைப்புநார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. முன்னுள்ளது முன் குறுக்கு இணைப்புநார். விளையாட்டு வீரர்கள் இதனை ‘ஏ.சி.எல்.’ என்பர், ஊர்ப்பேச்சில் ‘ஜவ்வு’ என்பதும் பெரும்பாலும் இதனையோ, மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் குருத்தெலும்பையோ குறிக்கும். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்நார்தான் கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் தடுக்கிறது. நேராக நடக்க இதன் துணை மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. எனவே இது அறுந்த பின்னும் ஒருவர் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம். ஓடிச்சென்று சட்டெனத் திரும்பும்போதுதான் இதன் இழப்புத் தெரியவரும். கபடியோ முழுவதும் திரும்புதலால் ஆன ஆட்டம்.

மருத்துவர் ஒலியைப் பற்றிக் கேட்டதன் காரணம் இதுவே. விழும்போது ‘டப்’ என்ற உணர்வு, அடுத்த சில மணி நேரத்திற்குள் பெருவீக்கம், ஆட்டத்தைத் தொடர இயலாமை, பின்னர்ப் படியிறங்கும்போது நழுவும் உணர்வு ஆகிய நான்கையும் ஒருசேரக் கேட்ட அளவிலேயே அனுபவமுள்ள மருத்துவர் முன் குறுக்கு இணைப்புநாரை ஐயுறுவார். அந்நார் அறும்போது அதனுள் உள்ள நுண்குழாய்களிலிருந்து மூட்டினுள் குருதி கசிகிறது. விரைவான வீக்கம் அதனால் தோன்றுவது. பிறைவடிவக் குருத்தெலும்பு மட்டும் கிழிந்திருந்தால் வீக்கம் பெரும்பாலும் மெல்ல, மறுநாளில் வெளிப்படும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாரைக் காட்டாது. ஆகவே எக்ஸ்ரேயில் முறிவில்லை என்பது பாதிச் செய்திதான்.

பின்னர் அவர் மாணவியின் முழங்காலைச் சிறிதளவு மடக்கி, ஒரு கையால் தொடையைப் பற்றி, மறுகையால் கீழ்க்காலை முன்னோக்கி மெல்ல இழுத்துப் பார்த்தார். ‘லாக்மன் சோதனை’ எனப்படும் இதில், நார் முழுமையாக இருந்தால் இழுப்பு ஓரிடத்தில் உறுதியாக நிற்கும். அறுந்திருந்தால் நிற்குமிடம் தெளிவாகப் புலப்படாது. முதலில் நலமான வலக்காலிலும் அவர் இதனைச் செய்து பார்த்தார். ஒவ்வொருவர் மூட்டின் இறுக்கமும் வெவ்வேறாதலால் நோயாளியின் மறுகாலே அளவுகோல். எம்.ஆர்.ஐ. படம் பின்னர் எடுக்கப்பட்டது. மருத்துவர் கைகளால் அறிந்ததை அது உறுதிப்படுத்தியது.

முதல் இரண்டு நாள்

காயம் பட்ட உடனே செய்ய வேண்டுவன குறித்த கருத்துகள் கடந்த அரை நூற்றாண்டில் மாறிவந்துள்ளன. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என நான்கை முன்மொழிந்தார். உலகெங்கும் பயிற்சியாளர்கள் அதனை மனப்பாடமாக ஒப்பித்தனர். பிற்காலத்தில் அவரே, முழு ஓய்வும் நெடுநேரம் பனிக்கட்டி வைத்தலும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் சொன்னது நாடெங்கும் பரவி நிலைபெற்ற பின்னும் திருத்திக்கொள்ளும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இன்றைய நிலை இதுவாகும். பனிக்கட்டி வலியைக் குறைக்கும். துணியில் சுற்றிப் பத்து முதல் இருபது நிமிடம் வைக்கலாம். தோலின்மீது நேரடியாக வைத்தல் கூடாது. அழுத்தக்கட்டும் காலை உயர்த்தி வைத்தலும் வீக்கத்தைக் கட்டுப்படுத்தும். ஓய்வு சில நாள்களுக்கு மட்டுமே. அதன்பின் வலி பொறுக்கும் அளவிற்கு மெல்ல அசைத்தலும் ஊன்றுதலும் வேண்டும். வீக்கமும் வெம்மையும் உடல் தன்னைத்தானே சீர்செய்யும் பணியின் தொடக்கமே; அவற்றைப் பகையாக எண்ணி முற்றிலும் ஒழிக்க முயல வேண்டியதில்லை.

முதல் இரண்டு மூன்று நாள்களில் செய்யக்கூடாதவை நம் வீடுகளில் அன்போடு செய்யப்படுபவையே என்பதுதான் இடர்ப்பாடு. வெந்நீர் ஒத்தடம் குருதியோட்டத்தை மிகுவித்து வீக்கத்தைப் பெருக்கும். அழுத்தி நீவுதல், கிழிந்த இழைகளை மேலும் பிரிக்கக்கூடும். ‘கொஞ்சம் ஓடிப் பார்’ என்று சோதிப்பதும் அவ்வாறே. நாள்பட்ட தசை இறுக்கத்திற்கு வெந்நீரும் நீவுதலும் இதம் தருபவை. நம் முன்னோர் அறிவை இகழ்வதற்கில்லை. அன்று பட்ட காயத்திற்கு அவை உரியவையல்ல, அவ்வளவே.

கணுக்கால் பிசகியவர் எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும்? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் இதற்கு எளிய விதிகளை வகுத்தனர். அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க இயலவில்லையெனில், அல்லது கணுக்காலின் இருபுறமும் புடைத்துள்ள எலும்புகளின் பின்விளிம்பிலோ பாதத்தின் சில குறிப்பிட்ட எலும்புகளின்மீதோ விரலால் அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே தேவை. நொண்டியபடி நடந்தாலும் நான்கு அடி நான்கு அடிதான்.

தலையில் அடிபடுதல் இவையனைத்தினும் வேறானது. பிடிக்க முனையும்போது முழங்கால் நெற்றியில் மோதுவது கபடியில் அரிதன்று. மயக்கம், குழப்பம், வாந்தி, பார்வை மங்குதல், நடந்ததை நினைவுகூர இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்று மீண்டும் களமிறங்கலாகாது. மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆடுபவர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்வதை இங்கு ஏற்பதற்கில்லை. அடிபட்டிருப்பது அவ்வாறு முடிவுசெய்யும் மூளைதான்.

ஐம்பது மில்லிநொடி

மாணவியை எவரும் தொடாமலே அவள் நார் அறுந்தது என்பதை மீண்டும் நினைவுகூர்வோம். முன் குறுக்கு இணைப்புநார்க் காயங்களில் பெரும்பாலானவை இவ்வாறு நேரடி மோதலின்றி நிகழ்பவையே. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் காயம் நிகழ்ந்த தருணங்களின் ஒளிப்பதிவுகளை நுணுகி ஆராய்ந்தபோது, பாதம் தரையைத் தொட்ட முதல் ஐம்பது மில்லிநொடிக்குள்ளேயே நார் அறுவதாகக் கணித்தனர். ஒரு நொடியை இருபது கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஆபத்தை உணர்ந்து மனிதர் தம் விருப்பப்படி காலைத் திருத்திக்கொள்ள இதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரமாவது தேவைப்படும்.

எனவே ‘கவனமாக ஆடு’ என்னும் அறிவுரை முழங்காலைக் காக்காது. பாதம் தரையைத் தொடுமுன்பே தசைகள் அணியமாக இருக்க வேண்டும். அதற்கு உடல் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். துள்ளி இறங்கும்போது முழங்கால் நேராக விறைத்து நிற்றல், உட்புறமாகச் சரிந்து மற்றொரு முழங்காலை நோக்கிச் செல்லுதல், உடலெடை முழுவதும் ஒரு காலிலேயே விழுதல் ஆகியவை ஊறு தரும் நிலைகள். இடுப்பும் முழங்காலும் மடிய, முழங்கால் பாத விரல்களின் நேராக நிற்க, ஓசையின்றி மென்மையாக இறங்குதல் பாதுகாப்பான நிலை. பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டுகூட இதனைச் சோதிக்கலாம். ‘தொம்’ என்று கேட்டால் இறங்கிய முறை தவறு.

ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம் 2006இல் கால்பந்து வீரர்களுக்கென ‘11+’ என்னும் உடல்தயாரிப்புப் பயிற்சியை உருவாக்கியது. மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், தொடை, வயிற்றுத் தசைகளை வலுப்படுத்துதல், துள்ளி இறங்குதல், திசைமாற்றி ஓடுதல் எனப் பதினைந்து பயிற்சிகள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கருவி எதுவும் வேண்டா. நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,800க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு பருவம் முழுவதும் இதனைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற குழுவில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்திருந்தன. இது கால்பந்துக்கென உருவானது. ஆயினும் ஓடுதல், திரும்புதல், துள்ளி இறங்குதல் உள்ள எந்த ஆட்டத்திற்கும் இதன் அடிப்படை பொருந்தும். பெண்களுக்கு முன் குறுக்கு இணைப்புநார்க் காயம் ஏற்படும் வாய்ப்பு ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடக் கூடுதல் என்பதால் பெண்கள் அணிகள் இதனைத் தவறவிடக்கூடாது. நம் பள்ளிகளில் இதற்கு இருபது நிமிடம் கிடைக்காமல் இல்லை. பொதுவாகத் திடலை இருமுறை சுற்றி ஓடி, நின்ற இடத்தில் காலை நீட்டி மடக்கி அந்நேரத்தைக் கழித்துவிடுகிறோம். நின்றபடி தசையை நீட்டுதல் மட்டும் காயத்தைத் தடுப்பதற்குச் சான்று குறைவு.

ஒற்றைக்காலில் நிற்பதால் என்ன பயன் என்று சிலர் நகைப்பதுண்டு. இணைப்புநார் வெறும் கயிறன்று. மூட்டு எந்நிலையில் உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் அதனுள் உள்ளன. நார் கிழியும்போது அச்செய்தித் தொடர்பும் குலைகிறது. ஒருமுறை பிசகிய கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகுவதற்கு இது முதன்மைக் காரணம். கண்களை மூடி முதலில் நலமான காலிலும் பிறகு பிசகிய காலிலும் நின்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். நாள்தோறும் சில நிமிடம் பழகினால் அவ்வேறுபாடு குறையும்.

களத்தின் தன்மையையும் கருத வேண்டும். மண்தரையில் பாதம் சிறிது வழுக்கும். அவ்வழுக்கல் திருகுவிசையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். விரிப்புத் தரையில் காலணியின் அடிப்பாகம் பற்றிக்கொள்ளும். பாதம் நிற்க உடல் மட்டும் திரும்பும். மண்ணில் பழகிய அணி போட்டி நாளன்று முதன்முறையாக விரிப்பில் ஆடுவது பல மாவட்டங்களில் இன்றும் நிகழ்கிறது. சில நாள்களேனும் முன்னதாக அத்தரையில் பழக ஏற்பாடு செய்தல் நலம். இவற்றோடு உறக்கத்தையும் சேர்க்க வேண்டும். வளரிளம் பருவத்தினர் எட்டு மணி நேரத்திற்குக் குறைவாக உறங்கினால் காயம்படும் வாய்ப்பு மிகுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தேர்வும் போட்டியும் ஒரே மாதத்தில் வருவது எத்தகைய சுமை என்பதை மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் நாள்

முன் குறுக்கு இணைப்புநார் முற்றிலும் அறுந்தால் தானாகப் பொருந்துவது கடினம். அதற்காக எல்லார்க்கும் உடனே அறுவை வேண்டும் என்பதுமில்லை. சுவீடனில் இளைஞர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் உடற்பயிற்சி மருத்துவம் பெற்று, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை செய்துகொள்ளும் முறையும் நற்பயன் தந்தது. ஐந்தாண்டு கடந்த பின்னும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறுவை தேவைப்படவில்லை. திரும்புதலும் துள்ளுதலும் மிகுந்த ஆட்டத்திற்கு மீள விரும்புவோரும், மூட்டு அடிக்கடி நழுவுவோரும் பெரும்பாலும் அறுவையைத் தேர்கின்றனர். எம் மாணவிக்கும் அறுவையே முடிவாயிற்று. வீக்கம் முற்றும் வடிந்து, கால் முழுமையாக நீளும்வரை காத்திருந்து, தொடையின் பின்புறத் தசைநாணிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் புதிய நாராகப் பொருத்தினர்.

பொருத்தப்பட்ட நார் முதல் சில மாதங்களில் வலுப்பெறாமல், வலுவிழக்கிறது. உடல் அதற்குப் புதிய குருதிக்குழாய்களை அமைத்து, இழைகளை மாற்றியமைத்துக்கொள்ள நெடுங்காலம் பிடிக்கும். ஆனால் வலியோ இரண்டு மூன்று மாதங்களில் நின்றுவிடுகிறது. வலியும் வலிமையும் இவ்வாறு வெவ்வேறு நாள்காட்டிகளைப் பின்பற்றுவதால்தான் பலர் ஐந்தாம் மாதத்தில் களமிறங்கி மீண்டும் வீழ்கின்றனர். 2016இல் வெளியான டெலாவேர்–ஓஸ்லோ ஆய்வு, ஒன்பதாம் மாதம் வரை திரும்புதலை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்கும்போதும் மீண்டும் காயம்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் கண்டறிந்தது.

காத்திருத்தல் பெருவீரர்களுக்கும் எளிதன்று. ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் மும்பையில் வல முழங்கையில் அறுவை செய்துகொண்டார். அவ்வாண்டு தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியை இழந்தார். அக்டோபரில் ராஞ்சியில் நடந்த தேசியப் போட்டியில் எறிய அவர் ஆயத்தமாக இருந்தும், அவசரம் வேண்டாவென்று இந்தியத் தடகளக் கூட்டமைப்பு அவர் பெயரை விலக்கிக்கொண்டது. 2020 சனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தகுதி பெற்றார். டோக்கியோவில் 2021 ஆகஸ்டு 7 அன்று பொற்பதக்கம் பெற்றுத் தந்த எறிதல் 87.58 மீட்டர்.

நாள்காட்டி மட்டும் போதாதென்பதால் மருத்துவர்கள் அளந்தும் பார்க்கின்றனர். இரு தொடைத்தசைகளின் வலிமையை ஒப்பிடுவது ஒன்று. ஒற்றைக்காலில் தாவி அதே காலில் இறங்கி நிலையாக நிற்பது மற்றொன்று; அடிபட்ட கால் தாவும் தொலைவு மறுகாலின் தொலைவில் 90 விழுக்காட்டையேனும் எட்ட வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இதற்கு ஓர் அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் போதும்.

ஆறாம் மாதம் எம் மாணவி தாவினாள். வலக்காலில் 132 சென்டிமீட்டர், இடக்காலில் 98. அவளுக்கு வலி சிறிதும் இல்லை. “இன்னும் இல்லைம்மா” என்றார் மருத்துவர். பன்னிரண்டாம் வகுப்பின் போட்டிகள் அவளின்றி நடந்து முடிந்தன. அவள் எல்லைக்கோட்டருகே அமர்ந்து புள்ளிகளைக் குறித்தாள். சான்றிதழ் கிடைக்கவில்லை, மதிப்பெண்ணைக் கொண்டே பின்னர்க் கல்லூரியில் சேர்ந்தாள். பத்தாம் மாதம் இடக்காலில் 122 சென்டிமீட்டர் தாவி, ஆடாமல் நின்றாள். மருத்துவர் கணக்கிட்டுப் பார்த்தார்: 92 விழுக்காடு.

“போய் ஆடும்மா. முதல் மாசம் பாடிப் பழகு, பிடி வேண்டாம். துள்ளி இறங்குறப்போ சத்தம் கேட்டா நிறுத்திடு” என்று சொல்லி அனுப்பினார்.